ட்ரோன் பறக்காத நாளில் உங்கள் ரேடார் என்ன சொல்கிறது? விமான நிலைய நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

விமான நிலையங்களை நிர்வகிப்போருக்கும், அவற்றுக்கான ட்ரோன் கண்காணிப்புக் கருவிகளைக் கொள்முதல் செய்யும் குழுக்களுக்கும், அந்தக் கொள்முதலுக்கு ஒப்புதல் அளிக்கும் வான்போக்குவரத்து ஒழுங்குமுறை அமைப்புகளுக்கும்,

வணக்கம்.

ரேடாருக்குத் திரும்பி வரும் எதிரொலிகளைப் பகுத்து, அவற்றுள் எது எதைக் குறிக்கிறது என்று பிரித்தறியும் பணியில் இருப்பதால் இம்மடலை எழுதுகிறேன். சிறிய ட்ரோன்களைக் கண்டறியும் ரேடார்களுக்கான ஒப்பந்தப்புள்ளி ஆவணங்களில் பெரும்பாலும் முதலிடம் பெறுவது "அதிகபட்சக் கண்டறி தொலைவு எத்தனை கிலோமீட்டர்" என்ற கேள்வியே. அந்தக் கேள்வியைச் சற்றுக் கீழே இறக்கிவிட்டு, வேறொன்றை அதன் இடத்தில் வைக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. ட்ரோன் எதுவும் பறக்காத ஒரு நாளில் இந்த ரேடார் எத்தனை முறை ட்ரோன் வந்திருப்பதாகச் சொல்லும் என்பதே அந்தக் கேள்வி.

இத்தகைய ரேடார்கள் தேவையில்லை என்று நான் வாதிட வரவில்லை. 2018 டிசம்பர் 19ஆம் தேதி இரவு, லண்டனுக்குத் தெற்கே உள்ள கேட்விக் விமான நிலையத்தில் ட்ரோன் பறப்பதாக வந்த தகவலையடுத்து ஓடுபாதை மூடப்பட்டது. கிறிஸ்துமஸ் விடுமுறைக் கூட்டம் நிறைந்திருந்த அந்த நாள்களில் ஏறத்தாழ 1,000 விமானங்கள் ரத்து செய்யப்பட்டன அல்லது திருப்பிவிடப்பட்டன. சுமார் 1,40,000 பயணிகள் பாதிக்கப்பட்டனர். கைது செய்யப்பட்ட இருவரும் குற்றச்சாட்டு ஏதுமின்றி விடுவிக்கப்பட்டனர். ட்ரோனை இயக்கியவர் யார் என்பது கண்டறியப்படவே இல்லை. விசாரணை பெரிதும் கண்ணால் கண்டவர்களின் சாட்சியத்தையே நம்பியிருக்க வேண்டியதாயிற்று. அந்தச் சாட்சியம் எவ்வளவு தடுமாறக்கூடியது என்பதை 2024ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் பார்த்தோம். ட்ரோன்களைக் கண்டதாக 5,000க்கும் மேற்பட்ட தகவல்கள் எஃப்.பி.ஐ.க்கு வந்தன, மேற்கொண்டு விசாரிக்கத் தக்கவையாக அவற்றிலிருந்து தேறியவை சுமார் 100. சட்டப்படி பறந்த ட்ரோன்கள், சாதாரண விமானங்கள், ஹெலிகாப்டர்கள் ஆகியவற்றோடு விண்மீன்களையும் மக்கள் ட்ரோன் என்று கருதியிருந்ததாக அமெரிக்க அரசு அமைப்புகள் கூட்டாக அறிவித்தன. 2025 செப்டம்பரில் டென்மார்க்கின் கோபன்ஹேகன், நார்வேயின் ஓஸ்லோ விமான நிலையங்கள் ட்ரோன் தென்பட்டதாக வந்த தகவலால் ஒரே இரவில் சில மணி நேரம் மூடப்பட்டன. ஆகவே, மனிதக் கண்ணைவிட உறுதியான சாட்சி வேண்டும் என்று நீங்கள் ரேடாரை நாடுவது நியாயமானதே. அந்தச் சாட்சியின் சொல்லை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை வாங்குவதற்கு முன்பே அளந்து பார்த்துவிட வேண்டும் என்பதே என் கவலை.

ட்ரோன் மிகச் சிறியது, அதனால்தான் ரேடாரில் தெரிவதில்லை என்று பலரும் கருதுகிறார்கள். இது பாதி உண்மைதான். ஒரு பொருள் ரேடார் அலையை எவ்வளவு திருப்பி அனுப்புகிறது என்பதை எதிரொலிப் பரப்பு என்று சதுர மீட்டரில் குறிப்போம். பெரிய பயணிகள் விமானத்துக்கு அது 100 சதுர மீட்டர் அளவில் இருக்கலாம். கையில் எடுத்துச் செல்லக்கூடிய நான்கு சுழலிகள் கொண்ட ட்ரோனுக்கு 0.01 சதுர மீட்டர் அளவில் இருக்கும். வித்தியாசம் பத்தாயிரம் மடங்கு. ஆனால் திரும்பி வரும் ஆற்றல் தொலைவின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் குறைவதால், எதிரொலி பத்தாயிரம் மடங்கு சிறுத்தாலும் கண்டறி தொலைவு பத்தில் ஒன்றாகத்தான் குறையும். விமானத்தை 100 கிலோமீட்டரில் காணும் ரேடார், மற்றவை யாவும் மாறாதிருந்தால், ட்ரோனை 10 கிலோமீட்டரில் காண வேண்டும். இயற்பியல் அதைத் தடுக்கவில்லை.

உண்மையான சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. 0.01 சதுர மீட்டர் அளவுக்கு உணர்திறனைத் திறந்துவிட்டால், கடற்காகம் தெரியும், புறா தெரியும், அந்தியில் கூடு திரும்பும் பறவைக் கூட்டம் தெரியும், சுற்றுச்சாலையில் ஓடும் வாகனங்கள் தெரியும், காற்றில் அசையும் மரமும், கூரைமேல் சுழலும் காற்றுப்போக்கியும், மழையும் தெரியும். வழக்கமான வான்போக்குவரத்து ரேடார்கள் இவற்றையெல்லாம் காட்டாமல் இருப்பது குறைபாடு அன்று. மெதுவாக நகர்பவற்றையும் அசையாதவற்றையும் திட்டமிட்டே வடிகட்டும்படி அவற்றை வடிவமைத்திருக்கிறார்கள். சிறிய ட்ரோன் பறக்கும் வேகமும் பறவையின் வேகமும் ஏறத்தாழ ஒன்று என்பதால், ட்ரோனுக்காக அந்த வடிகட்டியைத் தளர்த்தும்போது பறவைகளும் உடன் நுழைந்துவிடுகின்றன.

இது புதிய தொல்லையும் அன்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டனின் ரேடார் திரைகளில் இன்னதென்று விளங்காத எதிரொலிகள் தோன்றி நகர்ந்தன. ரேடாரை இயக்கியவர்கள் அவற்றை "தேவதைகள்" என்று அழைத்தார்கள். அவற்றுள் பல பறவைகளே என்பதை டேவிட் லாக், ஜார்ஜ் வார்லி ஆகிய இரு உயிரியலாளர்கள் 1945இல் நேச்சர் அறிவியல் இதழில் எழுதினார்கள். அன்றிலிருந்து எங்கள் துறையின் உழைப்பில் ஒரு பெரும்பகுதி பறவைகளைத் திரையிலிருந்து அகற்றுவதற்கே செலவாகியிருக்கிறது. இப்போது அவற்றை மீண்டும் திரைக்கு வரவழைத்து, ஒவ்வொன்றையும் பார்த்து "நீ பறவைதானா" என்று கேட்க வேண்டிய நிலைக்கு வந்திருக்கிறோம்.

அந்தக் கேள்விக்கு ரேடார் எப்படி விடை தேடுகிறது என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் விற்பனை விளக்கங்களில் மிக எளிதாகக் கடந்துசெல்லப்படும் இடம் இதுதான். 10 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இயங்கும் ரேடாரின் அலைநீளம் 3 சென்டிமீட்டர். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் ரேடாரை நோக்கி வரும் ட்ரோனின் உடல், டாப்ளர் விளைவால், திரும்பும் அலையின் அதிர்வெண்ணைச் சுமார் 667 ஹெர்ட்ஸ் மாற்றும். அதே ட்ரோன் ஒரே இடத்தில் அசையாமல் மிதந்தாலோ, ரேடாருக்குக் குறுக்காகப் பறந்தாலோ, அந்த மாற்றம் சுழியாகிவிடும். அப்போது அதன் உடல் கட்டடங்களின் எதிரொலிக்குள் புதைந்துபோகும். ஆனால் அதன் சுழலிகள் நிற்பதில்லை. 12 சென்டிமீட்டர் நீளமுள்ள சுழலி இறக்கை நிமிடத்துக்கு 5,000 சுற்று சுற்றினால், அதன் நுனி நொடிக்குச் சுமார் 63 மீட்டர் வேகத்தில் நகரும். அது நடுக்கோட்டின் இருபுறமும் ஏறத்தாழ 4,200 ஹெர்ட்ஸ் வரை சிதறிய எதிரொலியைத் தரும். இதைத்தான் மைக்ரோ டாப்ளர் என்கிறோம்.

நல்ல எதிரொலி கிடைக்கும்போது இதைத் திரையில் பார்ப்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. நடுவில் உடலின் தடித்த கோடு இருக்கும்; அதற்கு மேலும் கீழும் சீரான இடைவெளியில் மெல்லிய கோடுகள் ஏணிப்படிகளாக அடுக்கி நிற்கும். ட்ரோன் திரும்பும்போது, ஒரு பக்கச் சுழலிகள் வேகமெடுப்பதால் அந்தக் கோடுகள் இரண்டாகப் பிளந்து விலகுவதையும் காணலாம். பறவையிடம் இந்த ஏணி இருக்காது. நொடிக்குச் சில முறை சிறகடிப்பதற்கேற்ப விரிந்து சுருங்கும் ஒரே பட்டைதான் இருக்கும். இரண்டையும் அருகருகே வைத்தால் பயிற்சியில்லாத கண்ணுக்குக்கூட வேறுபாடு விளங்கிவிடும்.

ஆனால் இந்தத் தெளிவு எல்லாத் தொலைவிலும் கிடைப்பதில்லை. ட்ரோனின் எதிரொலியில் பெரும்பங்கு மோட்டார்கள், மின்கலம், கேமரா போன்ற உலோகப் பகுதிகளிலிருந்தே வருகிறது. சுழலும் இறக்கைகள் பெரும்பாலும் பிளாஸ்டிக். அவற்றின் எதிரொலி உடலுடையதைவிட மிக மெலிந்தது. அது உடலின் எதிரொலியில் நூறில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால், நான்காம் அடுக்குக் கணக்குப்படி, இறக்கைகள் தெரியும் தொலைவு உடல் தெரியும் தொலைவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆறு கிலோமீட்டரில் "ஏதோ ஒன்று இருக்கிறது" என்று சொல்லும் ரேடார், "அது ட்ரோன்" என்று சுழலிகளைக் கொண்டு சொல்வதற்கு இரண்டு கிலோமீட்டருக்குள் வர வேண்டியிருக்கும். நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வரும் ட்ரோன் அந்த இரண்டு கிலோமீட்டரை 100 நொடிகளில் கடந்துவிடும். எனவே ஒப்பந்தப்புள்ளியில் "கண்டறி தொலைவு" என்று ஒற்றை எண்ணைக் கேட்பது, விற்பவர் தமக்கு வசதியான எண்ணைத் தேர்ந்தெடுக்க இடம் கொடுப்பதாகும். முதல் எதிரொலி கிடைக்கும் தொலைவு, தொடர்ச்சியான தடம் உருவாகும் தொலைவு, இன்னதென்று வகைப்படுத்தும் தொலைவு ஆகிய மூன்றும் வேறு வேறு. உங்கள் கட்டுப்பாட்டு அறைக்குப் பயன்படுவது மூன்றாவதுதான்.

ஆண்டெனா ஓர் இலக்கைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரமும் இதில் சேர்கிறது. நொடிக்கு ஒரு சுற்று சுழலும், இரண்டு பாகை அகலமுள்ள கற்றையைக் கொண்ட ஆண்டெனா, ஒரு ட்ரோனை ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஐந்தாறு பங்கு நேரமே பார்க்கிறது. அந்த நேரத்தில் மேற்சொன்ன இறக்கை அரைச் சுற்றுகூடச் சுற்றி முடிக்காது. சிறகடிப்பைப் பார்க்க அது போதவே போதாது. எல்லாத் திசைகளையும் இடைவிடாமல் பார்த்துக்கொண்டிருக்கும் நிலைத்த ரேடார்களுக்கு இந்தக் குறை இல்லை; ஆனால் ஆற்றலை வானெங்கும் பரப்ப வேண்டியிருப்பதும், வந்து குவியும் தரவைக் கணிக்கப் பெரும் கணினித் திறன் தேவைப்படுவதும் அவற்றின் விலை. எது சிறந்தது என்று பொதுவாகத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் கொள்முதல் குழுவில் இருப்போர் இந்தக் கேள்வியையாவது கேட்டாக வேண்டும்.

இனி முதலில் சொன்ன பொய் எச்சரிக்கைக்கு வருகிறேன். ஒரு ரேடார் தன்னைச் சுற்றியுள்ள வெளியைத் தொலைவில் 1,000, திசையில் 180, வேகத்தில் 32 எனக் கட்டங்களாகப் பிரித்துப் பார்க்கிறது என்று கொள்வோம். ஒரு சுற்றுக்குச் சுமார் 57 லட்சம் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் வெறும் இரைச்சல், வரம்பைத் தாண்டி இலக்காகத் தோன்றும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று என்று மிகக் கடுமையாக வைத்தாலும், சுற்றுக்கு ஐந்தாறு பொய்ப் புள்ளிகள் விழும். நொடிக்கு ஒரு சுற்று என்றால் ஒரு நாளில் ஏறத்தாழ ஐந்து லட்சம். இவற்றுள் மிகப் பெரும்பாலானவற்றைத் தடம் தொடரும் மென்பொருள் நீக்கிவிடும். இரைச்சல் அடுத்தடுத்த சுற்றுகளில் ஒழுங்கான பாதையில் தோன்றாது என்பதே அது நம்பியிருக்கும் விதி. பறவை அப்படியன்று. அது உண்மையிலேயே இருக்கிறது, உண்மையிலேயே நகர்கிறது, அதன் தடம் அழகாகத் தொடர்கிறது. இரைச்சலை நீக்கும் மென்பொருள் பறவையைப் பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருக்கும்.

ஆக, நாள் ஒன்றுக்கு 2,000 பறவைத் தடங்கள் பதிவாகும் ஒரு விமான நிலையத்தில், வகைப்படுத்தும் மென்பொருள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை சரியாகச் சொன்னாலும், நாள்தோறும் 20 பறவைகள் ட்ரோனாகிவிடும். உண்மையான ஊடுருவலோ மாதக் கணக்கில் ஒருமுறை நிகழக்கூடியது. இந்த நிலையில் எச்சரிக்கை ஒலிக்கும்போது அது உண்மையாக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதை நீங்களே கணக்கிட்டுப் பாருங்கள். இரவுப் பணியில் ரேடாரை இயக்குபவர் முதல் வாரம் ஒவ்வோர் எச்சரிக்கையையும் சரிபார்ப்பார். பிறகு ஒலியைக் குறைப்பார். புலி வருகிறது என்று தினமும் கத்தும் கருவியை எந்த மனிதராலும் மாதக் கணக்கில் நம்ப முடியாது. அதற்காக அவரைக் குறை சொல்வதும் நியாயமாகாது. வரம்பை உயர்த்தி எச்சரிக்கைகளைக் குறைக்கலாம் என்றால், முதலில் தவறிப்போவது மிகச் சிறிய ட்ரோனாகத்தான் இருக்கும். "95 விழுக்காடு கண்டறியும் திறன்" என்று எழுதியிருக்கும் ஆவணத்தில், அந்தத் திறனுக்கு எத்தனை பொய் எச்சரிக்கைகள் விலையாகக் கொடுக்கப்பட்டன என்ற எண் இல்லையென்றால், அந்த 95க்கு எந்தப் பொருளும் இல்லை.

அதனால்தான் சோதனையைப் பற்றி இவ்வளவு அழுத்தமாகக் கேட்கிறேன். செயல்விளக்கம் என்பது பெரும்பாலும் திறந்த புல்வெளியில், தெளிந்த வானத்தின்கீழ், எங்கிருந்து வருகிறது என்று எல்லாருக்கும் தெரிந்த ஒரு ட்ரோன் ரேடாரை நோக்கி நேராகப் பறந்து வருவதாகவே அமைகிறது. அது ரேடாருக்கு மிக எளிதான நிலை. உங்கள் நிலையத்தில் முனையக் கட்டடங்கள், உலோகக் கூரைகள், நகரும் விமானங்கள் எல்லாம் உண்டு. தாழப் பறக்கும் ட்ரோனிலிருந்து நேராக வரும் அலையும் தரையில் பட்டு வரும் அலையும் சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் தடம் அறுந்து அறுந்து தோன்றும். உயரக் கணக்கும் பிசகும். ஆகவே சோதனை உங்கள் நிலையத்திலேயே நடக்க வேண்டும். மரவரிசைக்குச் சற்று மேலே 10 மீட்டர் உயரத்தில், கட்டடத்தை ஒட்டி மிதந்தபடி, ரேடாருக்குக் குறுக்காக, மழையில், பறவைகள் மிகுதியாகப் பறக்கும் விடியலிலும் அந்தியிலும், உலோகம் குறைந்த நுரைப்பொருளால் ஆன, விமானம் போல அசையாத சிறகுகளைக் கொண்ட நிலைச்சிறகு ட்ரோனைக் கொண்டும் நடத்த வேண்டும். ட்ரோனிலேயே ஒரு ஜிபிஎஸ் பதிவுக் கருவியை ஏற்றி, ரேடார் சொன்ன இடத்தை உண்மையான இடத்தோடு நொடிக்கு நொடி ஒப்பிட வேண்டும். எப்போது பறக்கும், பறக்குமா பறக்காதா என்பதே ரேடாரை இயக்குவோருக்குத் தெரியக் கூடாது.

இதற்கு முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. 2021 செப்டம்பரில் இன்டர்போல் அமைப்பு, ஓஸ்லோ விமான நிலையத்தில், விமானப் போக்குவரத்து நடந்துகொண்டிருக்கும்போதே பல வகைக் கண்டறி கருவிகளைச் சோதித்து, அறிக்கையும் வெளியிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன் நடந்த கரேஜியஸ் திட்டம் இத்தகைய கருவிகளை ஒரே முறையில் சோதிப்பதற்கான வழிமுறையை வகுத்தது. அது 2024இல் ஐரோப்பியத் தரப்படுத்தல் குழுவின் சிடபிள்யூஏ 18150 என்ற ஆவணமாக வெளிவந்திருக்கிறது. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமின்றி, இவற்றை ஒப்பந்த விதியாக்கினாலே போதும்.

ரேடார் மட்டும் போதுமா என்றால், போதாது. ரேடியோ அலை உணரிகள் ட்ரோனுக்கும் அதை இயக்குபவருக்கும் இடையிலான தொடர்பைக் கேட்டு, பல நேரங்களில் ட்ரோனின் வகையைக்கூடச் சொல்லிவிடும். ஆனால் முன்கூட்டியே பாதை நிரலிடப்பட்ட ட்ரோனும், உக்ரைன் போரில் பரவலாகிவிட்ட ஒளியிழை வழி இயங்கும் ட்ரோனும் அப்படிப்பட்ட அலை எதையும் வெளியிடுவதில்லை. கேமரா தெளிவான சாட்சி; எங்கே பார்க்க வேண்டும் என்று யாராவது சொன்னால்தான் அது பார்க்கும், மூடுபனியில் அதுவும் இல்லை. ஒலி உணரிகளைப் பற்றி விமான நிலையத்தில் அதிகம் பேச வேண்டியதில்லை. ட்ரோன் எதையும் வெளியிடாவிட்டாலும், இருளிலும் பனியிலும், அதைக் காணக்கூடியது ரேடார் ஒன்றே என்பதால் அடித்தளம் அதுவாகவே இருக்கும். ஆனால் ஓடுபாதையை மூடும் முடிவுக்கு ரேடார் தடத்தோடு இரண்டாவதாக எந்தச் சான்று வேண்டும், அது எத்தனை நொடிகளுக்குள் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்பவை முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும். நெருக்கடியின் நடுவில் ஒரு பணி அதிகாரியின் தலையில் அந்தப் பொறுப்பைச் சுமத்துவது முறையன்று.

பதிவுகளைப் பற்றியும் ஒரு வேண்டுகோள் உண்டு. பல அமைப்புகளில் இறுதியாக வரையப்பட்ட தடம் மட்டுமே சேமிக்கப்படுகிறது. அந்தத் தடம் எந்த எதிரொலியிலிருந்து உருவானது என்ற மூலத்தரவு அழிந்துவிடுகிறது. ஒரு சம்பவத்துக்குப் பிறகு "அது ட்ரோன்தானா" என்று விசாரணையாளர் கேட்கும்போது, சுழலிகளின் ஏணி இருந்ததா இல்லையா என்று திரும்பிப் பார்க்க மூலத்தரவு வேண்டும். எச்சரிக்கை எழுந்த ஒவ்வொரு முறையும், அதற்கு முன்னும் பின்னும் சில நிமிடங்களுக்கான மூலத்தரவையாவது காக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஓடுபாதை ஒரு மணி நேரம் மூடப்படுவதால் வரும் இழப்போடு ஒப்பிட்டால் இதற்கான செலவு மிகச் சிறியது.

இன்னொன்றையும் இங்கே சொல்ல விரும்புகிறேன். ட்ரோன் ரேடார் கண்டு ஒதுக்கித் தள்ளும் பறவைத் தடங்கள் வீண் அல்ல. 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கிலிருந்து கிளம்பிய யுஎஸ் ஏர்வேஸ் 1549ஆம் எண் விமானத்தின் இரு எஞ்சின்களையும் செயலிழக்கச் செய்து, ஹட்சன் ஆற்றில் அதை இறங்க வைத்தவை காட்டு வாத்துகளே. விமானங்கள் மீது பறவைகள் மோதுவது அன்றாட ஆபத்து. அதே ரேடாரின் தரவு உங்கள் வனவிலங்குக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கும் நாள்தோறும் செல்லுமாறு செய்தால், ட்ரோனுக்காகச் செலவிட்ட பணம் ட்ரோன் வராத நாள்களிலும் உயிர்களைக் காக்கும். இரு பிரிவுகளும் வேறு வேறு வரவுசெலவுத் தலைப்பில் இருப்பதால் இது நடக்காமல் போகிறது என்றால், அதைச் சரிசெய்யும் அதிகாரம் உங்களிடமே இருக்கிறது.

ஒழுங்குமுறை அமைப்புகளிடம் தனியாக ஒரு கோரிக்கை. கருவிக்கு ஒப்புதல் அளிக்கும் முன், அது நிறுவப்படப்போகும் இடத்திலேயே, ட்ரோன் எதுவும் பறக்கவிடப்படாத முழு 30 நாள்கள் இடைவிடாமல் இயக்கப்பட வேண்டும் என்று விதியுங்கள். பறவைகள் வலசை வரும் பருவம் உள்ள இடங்களில் அந்தப் பருவமும் அதில் அடங்கட்டும். அந்த நாள்களில் எழுந்த ஒவ்வொரு ட்ரோன் எச்சரிக்கையும் எந்த நேரத்தில், எந்தத் திசையில், எவ்வளவு தொலைவில் எழுந்தது, பின்னர் அது என்னவென்று தெரியவந்தது என்பவை பதிவு செய்யப்பட வேண்டும். பாதுகாப்பைக் கருதி இடவிவரங்களை மறைக்க வேண்டியிருந்தால் மறைத்துக்கொள்ளலாம். நாளொன்றுக்கு எத்தனை பொய் எச்சரிக்கைகள் என்ற எண்ணை மட்டும் மறைக்க வேண்டாம். அந்த எண், கண்டறிதலுக்கும் வகைப்படுத்தலுக்குமான தொலைவுகளோடு ஒரே பக்கத்தில், ஒரே அளவு எழுத்தில், மற்ற விமான நிலையங்களும் படித்து ஒப்பிடும்படி வெளியிடப்பட வேண்டும். அடுத்து வரும் ஒப்பந்தப்புள்ளியிலேயே இந்த விதியைச் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ரேடார் குறிகைப் பகுப்பாய்வுப் பணியில் உள்ள ஒரு பொறியாளர்